கரைப்பறவையின் கூடும் டிராக்டரின் தடமும்

கடற்கரை மணலில் முட்டையிடும் பறவைகளின் கூட்டைக் கூடு என்று சொல்வதே சற்று மிகை. ஆண் உப்புக்கொத்தி மார்பை மணலில் அழுத்திச் சுற்றிச் சுற்றித் திரும்பும். ஒரு கைப்பிடி ஆழம்கூட இல்லாத குழி உண்டாகும். ஓரத்தில் சில சிப்பித் துண்டுகள், உலர்ந்த புல் இரண்டொன்று, நடுவில் மணல் நிறத்தில் கரும்புள்ளியிட்ட இரண்டு அல்லது மூன்று முட்டைகள். ஆலாவின் கூடு இதைவிடவும் எளியது. ஆள்காட்டி மண்கட்டிகளையும் ஆட்டுப் புழுக்கையையும் சுற்றி வைக்கும். மூன்றுக்கும் பொதுவான காப்பு ஒன்றுதான்: கண்ணில் படாமல் இருப்பது. காகமும் கீரியும் பறவையைப் பார்த்துவிட்டாலும் முட்டையைத் தவறவிடும் அளவுக்கு அந்த நிறம் மணலோடு ஒன்றிவிடும். லட்சக்கணக்கான ஆண்டுகள் அந்தக் காப்பு பலித்தது. சக்கரம் வந்தபின் அதே காப்பு முட்டைக்கு எமனாகிவிட்டது. ஓட்டுநருக்குத் தெரியாத பொருளை அவரால் விலக்கிப் போக முடியாது.

மாமல்லபுரத்தைச் சுற்றியுள்ள செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் இந்தச் சிக்கலுக்கு ஒரு தனி முகம் உண்டு. வடக்கே முட்டுக்காடு கழிமுகம், கோவளம் தொடங்கி நெம்மேலி, பட்டிப்புலம், தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் வழியாகத் தெற்கே பாலாறு கடலில் கலக்கும் வாயலூர்ப் பகுதி வரை மீனவர் குப்பங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் துறைமுகமோ படகுத்துறையோ இல்லை. மணல்தான் துறை. படகை ஏற்றி நிறுத்துவதும், வலையைப் பிரித்து உலர்த்துவதும், பாடு வந்தால் ஏலம் விடுவதும் அங்கேதான். ஆகவே இந்தக் கரையில் வண்டியை நிறுத்து என்று சொல்வது ஒரு பொழுதுபோக்கை நிறுத்தச் சொல்வதாகாது. ஒரு தொழிற்கூடத்தின் கதவைச் சாத்தச் சொல்வதாகும். இந்த வேறுபாட்டை மறந்து எழுதப்படும் எந்தப் பாதுகாப்புத் திட்டமும் இங்கே காகிதத்தோடு நின்றுவிடும்.

மணலில் வண்டி ஏறியது பழைய வழக்கமல்ல. கட்டுமரத்தின் மரங்களை அவிழ்த்துத் தோளில் சுமந்து மேடேற்றிவிடலாம். இரண்டு மூன்று பேர் போதும். இயந்திரம் பொருத்திய ஃபைபர் போட்டுகள் பெருகியபோது எடையும் பெருகியது. 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாக வந்த படகுகளில் ஃபைபர் போட்டுகளே மிகுதி. பத்துப் பன்னிரண்டு பேர் தோள் கொடுத்துத் தள்ள வேண்டிய படகை ஒரு டிராக்டர் சில நிமிடங்களில் இழுத்துவிடும் என்பதால் தமிழகக் கரையின் பல ஊர்களில் டிராக்டர் கடற்கரைக் கருவியாகிவிட்டது. அதன்பின் ஐஸ் பெட்டியும் மீன் கூடையும் ஏற்றும் குட்டியானை, வியாபாரியின் ஆட்டோ, இருசக்கர வண்டி எல்லாம் மணலோரம் வரை வந்தன. கிழக்குக் கடற்கரைச் சாலை அகன்றதும் தூண்டில் போட வரும் நகரத்தவரும், வார இறுதியில் மணலில் வண்டி ஓட்டிப் பார்க்க விரும்புவோரும் சேர்ந்துகொண்டனர். இந்த நான்கு வகையினரும் ஒரே மணலில் தடம் பதித்தாலும் அவர்களின் தேவை ஒன்றல்ல. கரையில் சமநிலை தேடுவோர் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பறவைகளின் பக்கம் வருவோம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கூடு வைக்கும் சின்னஞ்சிறு உப்புக்கொத்தி ஒன்று, நூறாண்டுகளுக்கும் மேலாகக் கெண்டிஷ் உப்புக்கொத்தியின் துணையினமாகவே பட்டியலிடப்பட்டிருந்தது. 1915-ல் அறிவியல் பெயர் பெற்ற அப்பறவையை மரபணு, உடலளவு, இறகின் நிறம் ஆகியவற்றைக் கொண்டு ஆராய்ந்தவர்கள் 2023-ல் அதைத் தனி இனமாக அறிவித்தனர். இரண்டும் ஏறத்தாழ 12 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தவை என்பது அவர்களின் கணிப்பு. சேது அணைக் கதையில் இடம்பெறும் அனுமனின் நினைவாக அதற்கு அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர் வைத்தனர். சிட்டுக்குருவியின் அளவுள்ள பறவை. வடக்கே சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வலசை வரும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் பங்குனியோடு திரும்பிவிடும். இதற்குத் திரும்பப் போக வேறு ஊர் இல்லை. உலகில் இந்தச் சிறு வட்டாரத்துக்கே உரிய பறவை என்பதால் இக்கரைகளின் பொறுப்பும் கூடுகிறது. இதனோடு செம்மூக்கு ஆள்காட்டி, நெடுங்கால் உள்ளான், சின்ன ஆலா, கண்கிலேடி ஆகியவையும் தமிழகத்தின் கரையோர மணல்திட்டுகளிலும் உப்பளங்களிலும் கழிமுக ஓரங்களிலும் தரையிலேயே முட்டையிடுகின்றன.

கூடு எப்படி அழிகிறது என்பதைப் படிப்படியாகப் பார்த்தால்தான் எந்தத் தடை பயன் தரும், எது தராது என்பது விளங்கும். முட்டை நசுங்குவது எல்லோருக்கும் புரியும் சேதம். டயரின் காற்றைக் குறைத்து ஓட்டினால் மணல் அதிகம் அமுங்காது என்பது உண்மைதான். ஆனால் பத்துக் கிராமுக்கும் குறைவான முட்டையின் ஓட்டுக்கு அந்தக் குறைப்பால் எந்தப் பயனும் இல்லை.

அடுத்தது வெப்பம். இது தமிழகக் கோடைக்கே உரிய ஆபத்து. குளிர்நாட்டுக் கையேடுகளில் இதற்கு அதிக இடம் கிடைப்பதில்லை. நண்பகலில் மணலின் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். முட்டைக்குள் இருக்கும் கருவோ 40 டிகிரியைச் சற்றே கடந்தாலும் நெடுநேரம் தாங்காது. அதனால் இங்கே தாய்ப்பறவை அடைகாப்பதன் பாதி வேலை சூடேற்றுவதல்ல, நிழல் கொடுப்பது. நீரோரம் ஓடி வயிற்று இறகை நனைத்து வந்து முட்டைமேல் நிற்கும். ஈரம் ஆவியாகும்போது முட்டை குளிரும். ஆணும் பெண்ணும் மாறி மாறி இதைச் செய்யும். ஒரு வண்டி கூட்டிலிருந்து விலகி நின்றாலும் போதும். அதில் வந்தவர்கள் அருகிலேயே குடை விரித்துத் தூண்டில் போட உட்கார்ந்துவிட்டால் பறவை கூட்டுக்குத் திரும்பாது. சிறகு ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு நடந்து காட்டி ஆளை விலக்கப் பார்க்கும். ஆள் விலகாவிட்டால் முட்டைகள் நசுங்காமலே, ஓடு உடையாமலே, வெயிலில் வெந்து போகும். பறவை எழுந்து போகும்போது சில வேளை முட்டைமேல் மணலைத் தள்ளி மூடிவிட்டுப் போவதும் உண்டு. அதுவும் சிறிது நேரத்துக்கான காப்புத்தான்.

மிகப் பெரிய ஆபத்து முட்டை பொரிந்த பிறகே தொடங்குகிறது. உப்புக்கொத்திக் குஞ்சு கூட்டில் உட்கார்ந்து ஊட்டலுக்குக் காத்திருக்கும் குஞ்சல்ல. பொரிந்த சில மணி நேரத்தில் இறகு உலர்ந்ததும் நடந்துவிடும். பறக்கக் கற்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதமும் தானே இரை தேடி ஓடும். மேட்டு மணலில் இரை குறைவு. பாசி ஒதுங்கும் வரியிலும் ஈர மணலிலும்தான் சிறு பூச்சிகளும் புழுக்களும் கிடைக்கும். ஆகவே குஞ்சு நாளெல்லாம் மேட்டுக்கும் நீருக்கும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிறது. நடுவில் டயர் பதித்த தடம் இருந்தால் அதற்குள் இறங்கி அதன் வழியே ஓடும். ஏற முடியாமல் திணறும். வெயிலுக்கும் காற்றுக்கும் ஒதுங்கி அதற்குள்ளேயே படுத்துக்கொள்ளும். ஆபத்து வந்தால் ஓடாமல் அசைவற்று அமர்ந்துவிடுவது அதன் பிறவிக் குணம். அடுத்த வண்டி வழக்கமாக முந்தைய தடத்திலேயே வரும். மென்மணலில் சக்கரத்துக்கு அதுவே எளிது. அமெரிக்க அட்லாண்டிக் கரையில் 1989 முதல் 1993 வரை பதிவான 14 நிகழ்வுகளில் குழலிசை உப்புக்கொத்தியின் 18 குஞ்சுகளும் இரண்டு வளர்ந்த பறவைகளும் வண்டியில் அடிபட்டு இறந்ததாக ஆய்வாளர்கள் தொகுத்தனர். சிறுவிரல் அளவு உடலை மணல் உடனே மூடிவிடுவதால், கண்டெடுத்தவை இறந்தவற்றில் ஒரு பங்கே என்பதும் அவர்கள் முடிவு. கூட்டைச் சுற்றி வேலி கட்டிவிட்டு மீதி மணலில் வண்டியை விடுவது ஏன் போதாது என்பதற்கு இதுவே விடை. வேலி முட்டையைக் காக்கும். பொரிந்த மறுநாள் வேலிக்குள் யாரும் இருக்கமாட்டார்கள்.

உணவு குறைவது கண்ணுக்குத் தெரியாத சேதம். மணலில் வளை தோண்டும் நண்டுகள் வண்டி ஓடும் கரைகளில் குறைவதை ஆஸ்திரேலிய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. ஒதுங்கிய பாசியைச் சக்கரம் நசுக்கிக் கலைத்துவிட்டால் அதில் வாழும் பூச்சிகளும் போய்விடும். கரையை இயந்திரத்தால் சலித்துத் தூய்மை செய்யும் வழக்கமும் இதே விளைவைத் தருகிறது. அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் சக்கரத்தில் அறுபட்டால் மணல்மேட்டைப் பிடித்து வைக்க வேரில்லை. மேடு கரைந்தால் கூட்டுக்கு உயரம் இல்லை, ஊருக்குக் காப்பும் இல்லை.

இந்தக் கரையின் இயற்கை அமைப்பே சிக்கலை இறுக்குகிறது. அட்லாண்டிக் கரைகளில் நீர் வற்றும்போது அகலமான கெட்டி மணல் வெளிப்படும். வண்டி அதில் ஓடிவிட்டுத் திரும்பலாம். சோழமண்டலக் கரையில் கடல் ஏறி இறங்கும் உயரம் பெரிய ஓதத்திலும் சுமார் ஒரு மீட்டர்தான். கரை செங்குத்தாகச் சரிவதால் ஈர மணல் ஒரு குறுகிய பட்டையே. வண்டி அதில் நிற்காது; மேலே ஏறி உலர்மணலில்தான் ஓட வேண்டும். முட்டை இருப்பதும் அங்கேதான். கடலரிப்பு கரையை மேலும் ஒடுக்குகிறது. இங்கே மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. ஓர் ஊரைக் காக்கத் தூண்டில் வளைவு எனும் கல் தடுப்பைக் கட்டினால் அதற்கு வடக்கே உள்ள ஊருக்கு மணல் வரத்துக் குறைகிறது. கல்லுக்கும் வீட்டுக்கும் நடுவே எஞ்சிய சில மீட்டர் மணலில் படகும் வலையும் பறவையும் இடம் தேட வேண்டியிருக்கிறது.

முகத்துவாரம்தான் எல்லோருக்கும் வேண்டிய இடம். ஆறோ கழியோ கடலைத் தொடும் வாயில் மடவை, கிழங்கான், கொடுவா போன்ற மீன்கள் திரளும். தூண்டில்காரர் தேடிப் போவது அதை. வாய் அடைபடும் கோடையில் அங்கே தட்டையான, செடியற்ற மணல்திட்டு உருவாகும். நான்கு பக்கமும் பார்வை மறையாத அத்தகைய வெட்டவெளியைத்தான் ஆலாவும் உப்புக்கொத்தியும் தேர்ந்தெடுக்கின்றன. இரை தேடச் சேற்றுநிலம் பக்கத்திலேயே இருக்கிறது. முட்டுக்காட்டு வாயும் பாலாற்று வாயும் இவ்வகை நிலங்கள். மீன் இருக்கும் இடத்துக்கே மனிதனும் பறவையும் வருவது தற்செயலல்ல. நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இடத்தின் வளம் இருவரையும் அழைக்கிறது.

காலமும் ஒன்றின்மேல் ஒன்று விழுகிறது. பங்குனி ஆமைகள் ஜனவரி முதல் ஏப்ரல் வரை இக்கரையில் ஏறி முட்டையிடுகின்றன. கடைசிக் குஞ்சுகள் இறங்க மே, ஜூன் ஆகிவிடும். அவை முடியும் முன்பே கோடையில் பறவைகளின் முறை தொடங்குகிறது. ஆண்டின் முதல் பாதி முழுவதும் இந்த மணல் ஏதோ ஓர் உயிரின் தொட்டிலாக இருக்கிறது. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை உண்டே, அது பறவைக்கும் ஓய்வு தராதா என்று தோன்றலாம். தராது. அத்தடை விசைப்படகுகளுக்கு உரியது. மாமல்லபுரத்துக் குப்பங்களின் ஃபைபர் போட்டுகள் அந்த நாட்களிலும் தொழிலுக்குப் போகின்றன. விசைப்படகு மீன் சந்தைக்கு வராததால் அப்போது இவர்களின் மீனுக்கு விலையும் கூடும். கரையில் வண்டி நடமாட்டம் குறையக் காரணமே இல்லை. பள்ளி விடுமுறையும் அதே மாதங்களில் வருகிறது.

வேறு நாடுகள் இதை எப்படிக் கையாண்டன என்பதில் ஒரு நிகழ்வு விரிவாகச் சொல்லத் தக்கது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஹட்டராஸ் முனைத் தேசியக் கடற்கரை ஏறத்தாழ 110 கிலோமீட்டர் நீளமுள்ள மணல்தீவுத் தொடர். அங்கே சாலையும் பாலமும் வருவதற்கு முன் கரையே சாலை. ஊர்மக்கள் மணலில் ஓட்டியே ஊர்விட்டு ஊர் போனார்கள். பின்னர் அந்த வழக்கம் நாடெங்குமிருந்து வரும் தூண்டில்காரர்களின் உரிமையாக வளர்ந்தது. காப்பு நிலங்களில் வண்டி ஓடத் தனி விதி வேண்டும் என்று 1972-ல் அதிபர் நிக்சன் ஆணையிட்டும் ஹட்டராஸுக்கு அந்த விதி எழுதப்படாமலே பல பத்தாண்டுகள் கழிந்தன. 2007-ல் இரண்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. 2008 ஏப்ரல் 30 அன்று நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, பறக்காத குழலிசை உப்புக்கொத்திக் குஞ்சு இருக்கும் இடத்தைச் சுற்றி 1,000 மீட்டருக்கு வண்டி வரக்கூடாது. தூண்டிலுக்குப் பேர்போன முனைகள் வாரக்கணக்கில் மூடப்பட்டன. விடுதிக்காரரும் தூண்டில் கடைக்காரரும் கொதித்தெழுந்தனர். எல்லாத் தரப்பையும் உட்காரவைத்து விதி எழுத அமைத்த குழு 2009-ல் உடன்பாடில்லாமல் கலைந்தது. கடைசியில் அரசே எழுதிய விதி 2012 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது: ஏறத்தாழ 45 கிலோமீட்டரில் ஆண்டு முழுதும் வண்டி ஓடலாம், 21 கிலோமீட்டரில் பருவத்துக்கேற்ப, 42 கிலோமீட்டரில் எப்போதும் கூடாது. வண்டிக்கு அனுமதிச்சீட்டு வேண்டும். கோடையில் இரவு 9 முதல் காலை 7 வரை ஓட்டக்கூடாது என்றும் அது விதித்தது.

அந்த விதியில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. தமிழகத்துக்கு மிகவும் வேண்டியது அதுவே. மீன்பிடித்துப் பிழைப்பவரை விதி வேறாக நடத்தியது. அவருக்குத் தனி அனுமதி. பொதுமக்கள் 7 மணிவரை காத்திருக்க, அண்மையில் மீன் விற்றதற்கான ரசீதைக் காட்டும் தொழிலாளி 5 மணிக்கே கரையில் இறங்கலாம் என்றது. பிழைப்புக்கும் பொழுதுபோக்குக்கும் ஒரே அளவுகோல் கூடாது என்பது அங்கேயே எழுத்தில் வந்துவிட்டது. பின்னர் 2014-ல் நாடாளுமன்றம் இட்ட கட்டளைப்படி காப்பு எல்லைகள் மறுபரிசீலனை செய்யப்பட்டுச் சில தளர்த்தவும் பட்டன. பலன் என்ன? ஹட்டராஸில் 2019-ல் 470-க்கும் மேற்பட்ட ஆமைக் கூடுகள் பதிவாயின. அந்த வட்டாரம் முழுவதுமே ஆமைகள் கூடிய ஆண்டுகள் அவை என்பதால் முழுப் பெருமையையும் விதிக்குக் கொடுப்பது சரியாகாது. குழலிசை உப்புக்கொத்தியோ அட்லாண்டிக் கரை முழுதுமாக 1986-ல் சுமார் 790 இணைகளாக இருந்து 2021-க்குள் 2,000 இணைகளைக் கடந்தது. அந்த ஏற்றம் பெரும்பாலும் மாசசூசெட்ஸ் போன்ற வடபகுதிகளில் நிகழ்ந்தது. மாசசூசெட்ஸில் சில கரைகளில் குஞ்சு நடமாடும் நாட்களிலும் வழியை அடியோடு மூடாமல், குறித்த நேரத்தில் காவலர் முன்னே நடந்து மணலைப் பார்த்துச் செல்ல, வண்டிகள் வரிசையாக ஊர்ந்து பின்தொடரும் முறையைக் கையாள்கிறார்கள்.

மாமல்லபுரக் கரைக்குச் சொந்த முன்மாதிரி ஒன்று ஆமையிடமிருந்து கிடைக்கிறது. 1970-களில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவர்களும் இளைஞர்களும் இரவில் கரையோரம் நடந்து ஆமைக் கூடுகளைத் தேடினார்கள். 1988-ல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு தோன்றி அந்த நடையை ஆண்டுதோறும் தொடர்கிறது. 2002-ல் சுப்ரஜா தாரிணி தொடங்கிய ட்ரீ அறக்கட்டளை மீனவ இளைஞர்களையே கடலாமைப் பாதுகாவலர்களாக்கியது. வனத்துறையும் பொரிப்பகங்களை நடத்துகிறது. முட்டை எடுத்து விற்ற கரைகளில் அதே ஊர்ப் பிள்ளைகள் முட்டைக்குக் காவல் நிற்பது சாதாரண மாற்றமல்ல. சட்டத்தால் மட்டும் நடந்திருக்கக்கூடிய மாற்றமும் அல்ல.

ஆனால் ஆமைக்குச் செய்ததை அப்படியே பறவைக்குச் செய்ய முடியாது. ஆமை முட்டையிட்டு மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். மீண்டும் அந்தக் குழியைத் திரும்பிப் பார்க்காது. ஆகவே இட்ட சில மணி நேரத்துக்குள் நூற்றுச் சொச்சம் முட்டைகளையும் பக்குவமாக எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்தால் மணலின் சூடே மற்றதைப் பார்த்துக்கொள்ளும். 45 முதல் 60 நாளில் குஞ்சுகளைக் கடலில் விடலாம். பறவையின் முட்டைக்குத் தாய் தேவை. சில மீட்டர் நகர்த்தினாலே கைவிட்டுப் போகும். கூடு எங்கே இருக்கிறதோ அங்கேயேதான் அதைக் காக்க வேண்டும். அதாவது முட்டைக்குப் பதில் வண்டி நகர வேண்டும். ஆமைத் திட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது அதன் உத்தியல்ல, அதை நடத்தும் ஊர் ஆட்கள்.

இதே மாவட்டத்தில் வேடந்தாங்கல் இருக்கிறது. அங்கே கூடு வைக்கும் பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798-லேயே செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் ஊராருக்கு உரிமை எழுதிக் கொடுத்தார். ஊரார் கேட்டு வாங்கிய உரிமை அது. ஏரியில் பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமானது. அந்தப் பறவைகள் நீருக்கு நடுவே மரத்தில் கூட்டமாகக் கூடு வைப்பவை, தொலைவிலிருந்தே தெரிபவை. மணலில் தனித்தனியாக ஒளிந்து முட்டையிடும் உப்புக்கொத்திக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. ஊருக்கு அதனால் கண்கூடான வரவும் இல்லை. அதைக் காக்க ஊர் முன்வர வேண்டுமென்றால் ஊரின் வேலைக்கு இடையூறு மிகக் குறைவாக இருக்க வேண்டும். காவல் பணிக்குக் கூலியும் கிடைக்க வேண்டும்.

சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அடங்கும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, 2011-லும் 2019-லும், ஆமையும் பறவையும் முட்டையிடும் நிலங்களை மிக உயர்ந்த காப்புப் பிரிவில் வைத்திருக்கிறது. அதே 2011 அறிவிக்கை மீனவ ஊர்களையும், மீன் உலர்த்தும் களம் உள்ளிட்ட அவர்களின் பொது இடங்களையும் நில அளவை வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றும் சொன்னது. இரண்டும் ஒரே வரைபடத்தில் ஏற வேண்டியவை. படகு ஏறும் துறை எது, டிராக்டர் போகும் வழி எது, கோடைதோறும் ஆலா இறங்கும் திட்டு எது என்பது குப்பத்துப் பெரியவர்களுக்கும் கரைவலை இழுப்பவர்களுக்கும் மனப்பாடம். ஊர்ப் பஞ்சாயத்தைக் கூட்டி அவர்கள் வாயால் கேட்டு வரையாத வரைபடம் சரியாக வராது. கோவளம் கரை 2021-ல் நீலக்கொடிச் சான்று பெற்றது. அனுமதியற்ற வண்டிகளைக் கரையில் விடக்கூடாது என்பது அச்சான்றின் நிபந்தனைகளில் ஒன்று. சான்று பெற்ற பகுதி சிறியது என்றாலும், பொழுதுபோக்கு வண்டியை மணலில் ஏற்றாமல் சுற்றுலா நடத்த முடியும் என்பதை அது காட்டுகிறது. கேரளத்தின் முழப்பிலங்காடு இதற்கு நேர்மாறு: சுமார் 4 கிலோமீட்டர் கரையில் கார் ஓட்டுவதே அங்கே சுற்றுலா.

பாம்பன் தீவின் தென்கிழக்கு முனையில் தனுஷ்கோடி இன்னொரு பாடம் தருகிறது. 1964 புயலில் அழிந்த அந்த ஊருக்கு நெடுங்காலம் சாலை இல்லை. மணலிலும் நீரிலும் உழன்று செல்லும் வேன்களும் ஜீப்புகளும்தான் பயணிகளை ஏற்றிச் சென்றன. 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை வந்ததும் சக்கரங்கள் தாருக்கு ஏறின. அதே சாலை பன்மடங்கு ஆட்களையும் முனைவரை கொண்டுவந்தது. 2025 ஜூனில் தமிழக அரசு தனுஷ்கோடியில் பூநாரைச் சரணாலயத்தை அறிவித்தது. சாலை ஒன்றே தீர்வும் அல்ல, ஒன்றே கேடும் அல்ல. சக்கரத்துக்குக் குறித்த பாதை கிடைத்தால் மணல் தப்பும். அந்தப் பாதையின் முடிவில் இறங்குபவரின் கால் எங்கே போகலாம் என்பதற்கும் வரம்பு இருந்தால்தான் கூடு தப்பும்.

மாமல்லபுரக் கரைக்குப் பொருந்தும் ஏற்பாடு இவற்றிலிருந்து தானே உருவாகிறது. ஒவ்வொரு குப்பத்திலும் படகுத்துறைக்கு நேராக ஒரே ஒரு வண்டிவழி. இரு பக்கமும் கழி நட்டுக் கயிறு கட்டியது. டிராக்டரும் குட்டியானையும் அதற்குள் போய் வரும். கரையோரமாக ஊர்விட்டு ஊர் ஓடாது. படகு இழுக்கும் மணலில் நாள்தோறும் ஆள் நடமாட்டம் இருப்பதால் பறவை அங்கே கூடு வைப்பது அரிது. ஆகவே துறையை மூடத் தேவையே இல்லை. மூட வேண்டியது இரண்டு துறைகளுக்கு நடுவே உள்ள வெறும் மணலும் முகத்துவாரத் திட்டுகளும். பொழுதுபோக்கு வண்டிக்கு ஆண்டு முழுதும் மணலில் இடமில்லை என்பது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் அதனால் யாருடைய அடுப்பும் அணையாது. தூண்டில்காரர் வண்டியைச் சாலையோரம் நிறுத்தி நடந்து வரலாம். கோடை மாதங்களில் மட்டும் திட்டின் கூட்டுப் பகுதியை விட்டு விலகி, நீரோரத்தில் குறித்த இடத்தில் நின்று தூண்டில் போடலாம்.

மீன் கழிவைக் கரையில் கொட்டாமல் இருப்பது கயிறு கட்டுவதற்குச் சமமான காப்பு. கழிவு காகத்தையும் தெருநாயையும் கூட்டும். அவை கழிவு தீர்ந்ததும் முட்டையைத் தேடும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாக் கரைகளில் முக்காட்டு உப்புக்கொத்திக் குஞ்சுகள் ஒதுங்கப் பலகையால் சிறு கூரைகளைச் சாய்த்து வைக்கிறார்கள். வெயில் சுடும் இக்கரையில் பனையோலைத் துண்டு ஒன்றே அந்த வேலையைச் செய்யும். கூட்டின்மேல் கம்பிக் கூண்டு வைக்கும் முறையில் கவனம் வேண்டும். கூண்டு முட்டையை நாயிடமிருந்து காக்கும். அதே வேளையில் கூடு இருக்கும் இடத்தை மனிதருக்கும் காகத்துக்கும் காட்டிக் கொடுத்துவிடும்.

எத்தனை நாள் மூட வேண்டும் என்பதைப் பறவையின் உடலே சொல்கிறது. கடைசி முட்டை இட்டதிலிருந்து பொரிய மூன்றரை வாரம், பொரிந்த குஞ்சு பறக்க நான்கு வாரத்துக்கு மேல்: ஒரு கூட்டுக்கு ஏறத்தாழ இரண்டு மாதம். முதல் முறை முட்டை அழிந்தால் இணை மீண்டும் முட்டையிடும். அப்போது கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அதனால் காலண்டரில் ஒரு தேதியைக் குறித்துத் திறப்பதைவிட, ஊர்க் காவலர் நாள்தோறும் நடந்து பார்த்து எழுதும் குறிப்பை வைத்துத் திறப்பதே சரி. குஞ்சுகள் நகர நகரக் கயிறும் நகரும். ஒரு திட்டில் எல்லாம் பறந்துவிட்டன என்று காவலர் எழுதிய அன்றே அங்கே கயிறு அவிழ்க்கப்பட வேண்டும். தேவைக்கு மேல் ஒரு நாள் மூடி வைத்தாலும் அடுத்த கோடையில் ஊரின் ஒத்துழைப்புக் குறையும்.